இலச்சினையில் உடையும் தமிழ்

பதுளையின் பெயரைத் தமிழில் எழுதுவதற்கு மூன்று எழுத்துகள் போதும்: ப, து, ளை. அதே பெயர் ஒரு பாடசாலையின் இலச்சினையிலோ, தொழிற்சங்கப் பதாகையிலோ, தோட்டத்துக் கோவிலின் திருவிழா அறிவித்தலிலோ ஏறும்போது சில வேளைகளில் நான்கு ஆங்கில எழுத்துகளாகிவிடுகின்றது. சிறிய ஜி, பெரிய ஜே, சிறிய ஐ, சிறிய எஸ். பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். பாமினியில் 'பதுளை' என்று வருவதற்குத் தட்டவேண்டிய நான்கு விசைகள் அவைதாம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தமிழ் உருவம் கழன்றுபோய், உள்ளே இருந்த விசைகள் மட்டும் வெளியே தெரிகின்றன. திறந்தவர் தமிழ் அறிந்தவராயின் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுவார். அறியாதவராயின் யாரோ ஒருவருடைய பெயரின் முதலெழுத்துகள் என்று எண்ணி அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

"இது கணினி வடிவமைப்பாளர்களின் பிரச்சினை, பத்திரிகைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கின்றது. பசறைப் பக்கத்திலோ நமுனுகுலைச் சரிவிலோ உள்ள ஒரு தோட்டப் பாடசாலையின் பரிசளிப்பு விழாவில் ஒரு பிள்ளை பெறுகின்ற சான்றிதழ், அந்த வீட்டில் பெரும்பாலும் முதலாவது சான்றிதழாக இருக்கும். அது சட்டமிடப்பட்டு லயத்துச் சுவரில் சுவாமிப் படங்களுக்கு அருகே தொங்கும். அதிலே பாடசாலையின் பெயர் உடைந்திருந்தால், பிள்ளை வளர்ந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பின்னரும் அது உடைந்தபடியே தொங்கிக்கொண்டிருக்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உள்ள வரிகள் அதே சான்றிதழில் பிசகின்றி இருப்பதுதான் கண்ணை உறுத்துவது.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று என்பது 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு எழுத்தில் வந்துவிட்டது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக 1999இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. ஆகவே இங்கே பெயர்ப்பலகையிலும் கடிதத்தலைப்பிலும் தமிழ் இருப்பது சலுகை அன்று, சட்டம். அதை மீறித் தமிழ் விடுபடுகின்ற சம்பவங்களை நாம் உரத்துப் பேசியிருக்கின்றோம். 2021 மே மாதத்தில் கொழும்பில் சட்டமா அதிபர் திணைக்களத்தில் திறக்கப்பட்ட நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம்கூட இருந்தது, தமிழ் இல்லை. கண்டனம் எழுந்தது, பலகை அகற்றப்பட்டது. அங்கே தமிழ் மறக்கப்பட்டது. நான் எழுதுவது மறக்கப்படாத தமிழைப் பற்றி. யாரோ ஒருவர் அக்கறையோடு எழுதிக்கொடுத்து, பணமும் கட்டி, இலச்சினைக்குள் சேர்த்த தமிழ், ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகின்ற வழியில் சிதைந்துவிடுவதைப் பற்றி. இதற்கு எதிராக மறியல் செய்ய முடியாது. காரணத்தை அறிந்து திருத்தத்தான் முடியும். துவேஷம் என்று நாம் முடிவுகட்டுகின்ற பிழைகளிற் கணிசமானவை துவேஷமே அல்ல, கோப்பின் கோளாறு என்பது என்னுடைய துணிபு. இதைச் சொன்னால் கோபிக்கின்ற நண்பர்கள் எனக்கு உண்டு.

முதலில் இலச்சினை என்பது கணினிக்குள் எவ்வாறு இருக்கின்றது என்பதைப் பார்ப்போம். கணினியில் உருவத்தைச் சேமிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, புகைப்படத்தைப் போலச் சின்னஞ்சிறு நிறக்கட்டங்களாகச் சேமிப்பது. அந்தக் கட்டங்களுக்குப் பிக்சல் என்று பெயர். பெரிதாக்கினால் கட்டங்கள் தெரியும், விளிம்பு பல் பல்லாகும். மற்றையது வெக்டர். இது நம் வாசலில் இடப்படும் புள்ளிக் கோலத்தைப் போன்றது. கோலம் போடத் தெரிந்த பெண் கோலத்தின் படத்தை மனத்தில் வைத்திருப்பதில்லை. எத்தனை புள்ளி, எந்தப் புள்ளியிலிருந்து எதற்கு எப்படி வளைந்து போவது என்பதைத்தான் வைத்திருக்கின்றாள். ஆகவே சின்ன வாசலில் சின்னதாகவும் கோவில் முற்றத்தில் பெரிதாகவும் அதே கோலத்தை அவளால் இட முடிகின்றது. வெக்டர் கோப்பும் புள்ளிகளையும் அவற்றுக்கு இடையிலான வளைவுகளையுமே நினைவில் வைத்திருக்கின்றது. இந்த வளைவுகளின் கணிதம் பிரெஞ்சுக் கார்த் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. ரெனோல்ட் நிறுவனத்தின் பியர் பெசியேயும் சிட்ரோவன் நிறுவனத்தின் போல் த காஸ்தெல்ஜோவும் காரின் உடல் வளைவுகளை வரைவதற்காக உருவாக்கியது அது. 1984இல் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட், 1987இல் இலஸ்ட்ரேட்டர், 1989இல் கோரல் ட்ரோ என்று அது அச்சுத்தொழிலுக்குள் நுழைந்தது. நம்மூர் அச்சகங்களில் நிலைகொண்டது கோரல்தான்.

தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்களுக்கு இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். பலகைப் பெட்டிகளில் தேயிலை ஏற்றுமதியான காலத்தில் ஒவ்வொரு தோட்டத்தின் விற்பனைக் குறியையும் பெட்டியின்மேல் பதிப்பதற்கு, எழுத்து வெட்டிய தகரத் தகடு ஒன்று இருக்கும். தகட்டைப் பெட்டியின்மீது வைத்து மைத்தூரிகையால் தேய்த்தால் குறி விழும். ஆயிரம் பெட்டிகளானாலும் ஒரே குறி. தகட்டில் இருந்தது படம் அல்ல, உருவத்தின் ஓரம் மட்டுமே. அந்தத் தகடு தொழிற்சாலையின் உடைமையாகவும் இருந்தது. பெட்டி செய்து கொடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. இந்த இரண்டாவது செய்திக்குப் பின்னர் வருகின்றேன்.

2023இல், மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை ஒட்டி மலையகமெங்கும் நிகழ்வுகள் நடந்தன அல்லவா? அப்போது ஒரு சிறப்பு மலரின் ஆசிரியர் குழுவில் நான் இருந்தேன். ஆதரவளித்த அமைப்புகளின் இலச்சினைகளை ஒரே பக்கத்தில் அச்சிடுவது என்று முடிவாயிற்று. எளிய வேலை என்றுதான் எல்லோரும் எண்ணினோம். இருபதுக்கும் மேற்பட்ட இலச்சினைகள் வந்தன. பெரும்பாலானவை வட்ஸ்அப் வழியே வந்தன. ஒன்று விசிட்டிங் கார்டைக் கைத்தொலைபேசியால் எடுத்த படம். எடுத்தவரின் கட்டைவிரலும் அதில் இருந்தது. சில வேர்ட் கோப்புக்குள் ஒட்டப்பட்டிருந்தன. ஒழுங்கான வெக்டர் கோப்பாக வந்தவை ஒரு கைவிரலுக்குள் அடங்கும். அவற்றிலும் தமிழ் வரி உடையாமல் வந்தது இரண்டே இரண்டு. அந்தப் பக்கம் பிடித்த நேரத்தில் மலரின் மற்ற எல்லாப் பக்கங்களையும் முடித்திருக்கலாம். அப்போது கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகின்றேன்.

வட்ஸ்அப்பிலிருந்தே தொடங்குவோம். அதில் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கியே அனுப்புகின்றது. ஆவணம் என்ற வழியில் அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேர்கின்றது. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் எத்தனை பதாகைகள் மங்கலாகத் தொங்குகின்றன!

அடுத்தது, பெயரைக் கண்டு மயங்குவது. கோப்பின் பின்னொட்டு கோரலுடையதாகவோ பிடிஎஃப் ஆகவோ இருப்பதனால் உள்ளே இருப்பது வெக்டர் என்று ஆகிவிடாது. மங்கலான புகைப்படம் ஒன்றைக் கோரலுக்குள் இழுத்துப் போட்டுச் சேமித்தால் அதுவும் கோரல் கோப்புத்தான். சோதிப்பது எளிது. கோரலில் வயர்ஃப்ரேம் பார்வைக்கும், இலஸ்ட்ரேட்டரில் அவுட்லைன் பார்வைக்கும் போய்ப் பாருங்கள். இலச்சினையின் ஓரங்கள் கோடுகளாகத் தெரிந்தால் அது வெக்டர். அவ்வாறு கோடுகள் தெரியாவிட்டால் உங்களுக்கு வந்தது புகைப்படம். இலச்சினையைச் சுற்றி வெள்ளைச் சதுரம் ஒன்று ஒட்டிக்கொண்டு வருகின்றதா? அதுவும் ஜேபெக் படத்தின் அடையாளம். அந்த வகையில் ஒளிபுகும் பின்னணி என்பதே கிடையாது.

இதற்கு நேர்மாறான மயக்கமும் உண்டு. பழைய ஈபிஎஸ் கோப்பை பேஜ்மேக்கரில் கொண்டுவந்து வைத்தால் திரையில் மங்கலாகத்தான் தெரியும். திரைக்கென்று கோப்புக்குள் வைக்கப்பட்ட சிறிய முன்னோட்டப் படம் அது. போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறியில் போட்டால் கத்தி வெட்டினாற்போல விழும். போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாத மலிவான அச்சுப்பொறியில் போட்டால் அந்த முன்னோட்டமே அச்சாகும். இதைக் கண்டு "கோப்பு கெட்டுவிட்டது" என்று நல்ல வெக்டரை எறிந்துவிட்டு, ஏதாவது ஒரு ஜேபெக்கைத் தேடி ஒட்டியவர்களை நான் அறிவேன். இலஸ்ட்ரேட்டர் கோப்பை இன்டிசைனில் வைக்கும்போது இலச்சினைக்குப் பதிலாக ஆங்கில எச்சரிக்கை ஒன்று அச்சடித்தாற்போல வந்து நின்றால், சேமித்தவர் பிடிஎஃப் பொருத்தத்துக்கான தெரிவை நீக்கிவிட்டார் என்று பொருள். திரும்பச் சேமித்துத் தரச் சொன்னால் சரியாகிவிடும். கோரலின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. அனுப்புமுன் பெறுபவரின் பதிப்பைக் கேட்டு அதற்கேற்பச் சேமிக்க வேண்டும். மைக்ரோசொஃப்ட் 2017இல் பாதுகாப்புக் காரணம் சொல்லி வேர்ட் முதலியவற்றில் ஈபிஎஸ் படங்களைச் சேர்க்கும் வசதியை நிறுத்திவிட்டது. கடிதத்தலைப்பில் இலச்சினை ஏறவில்லை என்று மணிக்கணக்கில் மன்றாடுவோர் இதை அறிந்துகொள்வது நல்லது.

இவை எல்லா மொழிக்காரருக்கும் பொதுவான இடர்கள். தமிழுக்கு மட்டும் உரிய இடர்கள் இனித்தான் வருகின்றன.

தமிழ் வரி இரண்டு விதமாக உடைகின்றது. ஒன்று, தொடக்கத்திற் சொன்ன பாமினி உடைவு. மற்றையது யுனிகோட் உடைவு. யுனிகோட்டில் 'பதுளை' என்பது ப, த, உகரக் குறி, ள, ஐகாரக் குறி என்று ஐந்தாகச் சேமிக்கப்படுகின்றது. தகரத்தோடு உகரத்தைப் பிணைத்து 'து' ஆக்குவதும், ளகரத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்ட ஐகாரக் குறியை அதன் முன்னால் கொண்டுவந்து வைப்பதும் மென்பொருளின் கடமை. இந்தக் கடமையை அறியாத மென்பொருளில் தகரம் தனியாகவும் உகரக் குறி தனியாகவும் நிற்கும். ஐகாரக் கொம்பு ளகரத்துக்குப் பின்னால் போய் அநாதையாக நிற்கும். ஒவ்வொரு குறியும் தமிழ்க் குறிதான், ஆனால் சொல் தமிழ்ச்சொல் அல்ல. பாமினி உடைவைவிட இது ஆபத்தானது. ஆங்கில எழுத்துகளாக உடைந்தால் தமிழ் தெரியாதவருக்கும் ஓர் ஐயம் எழ வாய்ப்புண்டு. இதுவோ தமிழ் போலவே இருப்பதால் அவர் திருப்தியோடு அச்சிட்டுவிடுவார்.

இன்டிசைன் 2012இன் சிஎஸ்6 பதிப்பில்தான் தமிழுக்குரிய எழுத்துக் கோப்பு முறையைப் பெற்றது. அதிலும் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்பதைத் தெரிவுசெய்தால்தான் எழுத்துகள் ஒழுங்காகச் சேரும். பழைய பதிப்புகளைத் தொடர்ந்து பயன்படுத்துகின்ற அச்சகங்களில் யுனிகோட் தமிழ் உடைவதற்கும், யுனிகோட்டுக்கு இலங்கைத் தர நியமம் 2008இலேயே வந்தும் பாமினி விடாப்பிடியாக நிலைத்திருப்பதற்கும் காரணம் ஒன்றே. அச்சகக்காரரைப் பழமைவாதி என்று ஏசுவோர் இதைக் கவனிப்பதில்லை. அவருடைய மென்பொருளில் அவருக்குத் தமிழை ஒழுங்காகக் காட்டியது பாமினி மட்டுமே.

இரண்டு உடைவுக்கும் மருந்து ஒன்றுதான். இலச்சினை முடிந்ததும் அதிலுள்ள எழுத்துகளை எழுத்தாக வைத்திராமல் வளைவுகளாக மாற்றிவிட வேண்டும். கோரலில் எழுத்தைத் தெரிவுசெய்து கன்ட்ரோலும் கியூவும். இலஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. இலவசமாகக் கிடைக்கும் இன்க்ஸ்கேப்பிலும் இதே வசதி உண்டு. மாற்றிய பின்னர் எந்தக் கணினியிலும் எந்த எழுத்துருவும் தேவையில்லை. தகரத்தில் வெட்டியாயிற்று, இனி யார் மை தேய்த்தாலும் அதே குறிதான் விழும். பிடிஎஃப் ஒன்றைக் கோரலுக்குள் இறக்கும்போதும் எழுத்தை எழுத்தாக இறக்கவா, வளைவாக இறக்கவா என்று அது கேட்கும். தமிழ் இருந்தால் வளைவு என்றே சொல்லுங்கள்.

ஆயினும் இந்த மருந்துக்கும் பத்தியம் உண்டு. வளைவாக மாற்றிய பின்னர் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. ஆகவே மாற்றுவதற்கு முன்னர் தமிழ் படித்த ஒருவர் ஒப்புநோக்க வேண்டும். மாற்றாத மூலப்பிரதியை வேறு பெயரில் தனியே சேமிக்க வேண்டும். இன்னொன்று, பாமினி போன்ற எழுத்துருக்களில் விசிறியும் கொம்பும் தனித்தனி உருவங்கள். அவை பக்கத்து எழுத்தின்மேல் சற்றே ஏறி நிற்கும். வளைவாக்கிய பின் கோரலில் 'கம்பைன்' செய்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடம் வெள்ளை ஓட்டையாகும். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினால் கத்தி அந்த இடத்தில் எழுத்தையே குறுக்காக வெட்டிவிடும். 'வெல்ட்' செய்தால் இரண்டும் ஒட்டி ஒரே ஓரமாகும். பேருந்துகளின் பின்கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் தமிழ்ப் பெயர்களில் கொம்பு சேருமிடத்தில் வெள்ளைக் கீற்றுத் தெரிந்தால் காரணம் இதுதான். பதுளைப் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் காத்திருப்பவர்களுக்கு இது ஒரு நல்ல பொழுதுபோக்கு.

நிற்க. மூலக்கோப்பே இல்லாத இலச்சினைகளை என்ன செய்வது? தோட்டப் பாடசாலைகளில் இதுவே பெரும்பான்மை. பழைய சான்றிதழையோ விளையாட்டுப்போட்டிக் கொடியையோ ஸ்கேன் செய்து, கணினியே ஓரம் கண்டு வெக்டர் ஆக்கும்படி விட்டுவிடுவார்கள். கோரலில் இதற்குப் பவர்ட்ரேஸ், இலஸ்ட்ரேட்டரில் இமேஜ் ட்ரேஸ். சூரியன், புத்தகம், தேயிலைக் கொழுந்து, மலைமுகடு எல்லாம் ஓரளவு நன்றாகவே வரும். வராதது எழுத்து. இந்த வசதிகள் மிகச் சிறிய புள்ளிகளை அழுக்கென்று கருதி நீக்கிவிடக்கூடியவை. ஆங்கிலத்தில் சிறிய ஐ எழுத்தின் தலைப்புள்ளி போனாலும் சொல் புரியும். தமிழிலோ மெய்யெழுத்தின் உயிரே தலையிலுள்ள புள்ளிதான். தொல்காப்பியர் காலம் தொட்டு அதுதான் இலக்கணம். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய முன்னோர் புள்ளியிடாமல் விட்டதுண்டு. படித்தவர் தமிழர் ஆகையால் இடம் நோக்கிப் பொருள் கொண்டார். இயந்திரத்துக்கு அந்தப் பேச்சு இல்லை. பாடசாலை இலச்சினைகளில் அடிக்கடி வரும் சொல் 'கல்வி'. அதில் லகரத்தின் புள்ளி மட்டும் உதிர்ந்தால் என்ன சொல் மிஞ்சுகின்றது என்பதை இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. ஐயமுள்ளவர்கள் அகராதியைப் பார்க்கலாம். பிள்ளைகளின் சீருடைப் பையில் தைப்பதற்கு முன்னர் பார்ப்பது நல்லது.

இயந்திரம் மட்டுமா? மேற்சொன்ன மலருக்காக ஓர் இலச்சினையை மீண்டும் வரைந்து தந்த சிங்கள இளைஞர் ஒருவர் மிகுந்த பொறுமைசாலி. பழைய கடிதத்தாளிலிருந்து ஸ்கேன் செய்து, இரவு முழுவதும் இருந்து துப்புரவாக்கிக் கொண்டுவந்தார். கீழ்வரித் தமிழில் ஒரு புள்ளிகூட இல்லை. "ஐயா, தாள் பழையது, அந்தப் புள்ளிகள் எல்லாம் தூசு என்று நினைத்துத் துடைத்துவிட்டேன்" என்றார். அவருடைய உழைப்பையும் மரியாதையையும் கண்ட பின்னர் எனக்குக் கோபம் வரவில்லை. எந்தப் புள்ளி எழுத்து, எந்தப் புள்ளி தூசு என்பதை அவரிடம் சொல்லவேண்டிய கடமை இலச்சினைக்கு உரியவர்களுடையது. அவர்கள் கொடுத்தனுப்பியது மங்கிய கடிதத்தாள் ஒன்றை மட்டுமே. அதே வரியைத் தெளிவாக ஒரு தாளில் எழுதியோ, யுனிகோட்டில் தட்டச்சுச் செய்தோ உடன் அனுப்பியிருந்தால் ஓர் இளைஞரின் ஓர் இரவு மிஞ்சியிருக்கும்.

படம் வரைந்து கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் இப்போது இலச்சினை கேட்கின்ற வழக்கமும் நம் இளைஞர்களிடம் வந்துவிட்டது. நான் பார்த்தவற்றில் பல, எழுத்தைப் போன்ற ஒன்றைத்தான் தமிழ் என்று வரைந்து தந்திருந்தன. மேலும் பொதுவாகக் கிடைப்பது பிக்சல் படம்; திரும்பவும் மேலே சொன்ன ஓரம் காணும் வேலைக்கே வந்து நிற்க வேண்டும். வடிவத்துக்கு யோசனை கேட்பதோடு நிறுத்திக்கொண்டு, எழுத்தை எழுத்துருவில் அமைப்பதே உசிதம்.

தகட்டின் உடைமை பற்றிப் பின்னர் சொல்வதாகக் கூறினேன். ஈய எழுத்துக் காலத்தில் இலச்சினைக்குத் துத்தநாகத்தில் 'புளொக்' செய்வார்கள். அதற்குக் காசு கட்டியவர் வாடிக்கையாளர். ஆனால் புளொக் அநேகமாக அச்சகத்தின் இழுப்பறையிலேயே இருக்கும். அடுத்த முறையும் அவர் அங்கேதான் வரவேண்டும் என்பது சொல்லாத ஒப்பந்தம். புளொக் போய்விட்டது, வழக்கம் போகவில்லை. இன்று கோரல் கோப்பு அச்சகத்தின் கணினியில் இருக்கின்றது. பாடசாலைக்குக் கிடைப்பது ஒரு ஜேபெக். அச்சகக்காரரை நான் முற்றாகக் குறைகூற மாட்டேன். பதுளை போன்ற சிறிய நகரத்தில், ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் மட்டும் வேலை குவிகின்ற தொழிலில், வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள அவருக்கு இருக்கின்ற பிடி அது. ஆனால் அவர் தொழிலை மூடினாலோ, கணினியின் ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ, பாடசாலையின் இலச்சினை அதோடு போய்விடுகின்றது. பிறகு பழைய சான்றிதழ், ஸ்கேன், உதிர்ந்த புள்ளிகள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை இலச்சினை இப்படிப் பிறவி எடுக்கின்றது. ஒவ்வொரு பிறவியிலும் ஓர் எழுத்துக் குறைகின்றது.

பெரிய பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கம் உண்டு. வெளிநாட்டிலிருக்கும் யாராவது ஒருவர் மீண்டும் வரைந்து அனுப்பிவிடுவார். தோட்டப் பாடசாலைக்கு அந்த வசதி இல்லை. அதிபர்தான் எல்லாம். அவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அவருடைய பென் டிரைவும் அவரோடு போய்விடும். ஆகவே இதை அதிபர்களின் தனிப்பட்ட ஆர்வத்துக்கு விட்டுவிடாமல், பதுளை, பசறை, பண்டாரவளை முதலிய வலயக் கல்வி அலுவலகங்கள் தம் கீழுள்ள ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையின் இலச்சினையையும் பெற்று ஓரிடத்தில் சேமித்து வைக்கலாம் என்பது என் யோசனை. இதற்குப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரும் ஒரு கணினியும் போதும். ஒவ்வொரு பாடசாலைக்கும் நான்கு கோப்புகள். எழுத்து மாற்றப்படாத மூலம். எழுத்து வளைவாக்கப்பட்ட பிடிஎஃப், அதனோடு எஸ்விஜி. இலச்சினை எப்படித் தோன்றவேண்டும் என்பதைக் காட்டும் ஒரு பெரிய படம். இந்தப் படம் தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கானது. தம் திரையில் தெரிவதையும் படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கு அவர் தமிழ் படித்திருக்க வேண்டியதில்லை. இலச்சினையின் வாசகத்தையும் நிறங்களின் அச்சுக் கணக்கையும் யுனிகோட்டில் ஒரு சிறு குறிப்பாகச் சேர்த்துவிட்டால் பிந்திய தலைமுறைக்கும் உதவும். மெரூன் நிறம் ஆண்டுக்கு ஆண்டு செங்கல் நிறத்துக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் இடையில் அலைவதும் நிற்கும்.

தொழிற்சங்கக் கிளைகளுக்கும் கோவில் பரிபாலன சபைகளுக்கும் இது பொருந்தும். அவர்களுக்கு வலயக் கல்வி அலுவலகம் இல்லை. ஆயினும் செயலாளரின் மின்னஞ்சலில் ஒரு பிரதி, பொருளாளரின் வீட்டில் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்வதை எவரும் தடுக்கப்போவதில்லை.

பரிசளிப்பு விழாவுக்குச் சான்றிதழ் அச்சிடக் கொடுக்கும் அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்பணம் கட்டும்போதே, வேலை முடிந்ததும் வளைவாக்கிய கோப்பையும் மூலத்தையும் தரவேண்டும் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அது நியாயமான கூலி. பரீட்சைப் பிரதியைத் திரையில் பாராமல் தாளில் அச்சிட்டுக் கேளுங்கள். அதை வாங்கியதும் மேலேயுள்ள படத்தை விட்டுவிட்டு முதலில் கீழ்வரித் தமிழை, எழுத்தெழுத்தாக, புள்ளி புள்ளியாக வாசியுங்கள். முடிந்தால் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நமக்குப் பழகிய வரியை நம் கண் தானே திருத்தி வாசித்துவிடும். பிள்ளை தாளில் உள்ளபடியேதான் வாசிக்கும்.